எரிமலை மேலிருந்து தம்பியைக் கூப்பிட்டது

ஜீப்பில் இருந்தவர்கள் இவர்கள்.

முன்னால், ஓட்டுபவர். ஜாவாக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருக்கலாம். தோளில் ஒரு கைலியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். அங்கே குளிருக்கு அதுதான் சால்வை.

அவர் பக்கத்தில் என் மகன். சுரபயா என்ற ஊரில் நூல் மில்லில் வேலை. அந்த ஊர்ப் பாஷை பேசுவான்.

பின்னால் என் மருமகள். திருவாரூர்ப் பெண். வாய் ஓயாது.

அவளுக்குப் பக்கத்தில் என் மனைவி. புடவைக்கு மேல் மகனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, காதை மூடித் துண்டு கட்டியிருந்தாள். மடியில் புளிசாத டப்பா.

கடைசியில், கதவோரமாக, நான்.

வேறு யாரும் இல்லை. ஆனால் ஏறியதிலிருந்து பேச்சு ஊரில் இருக்கிற என் தம்பியைப் பற்றித்தான்.

"ஏங்க, ஒரு போனைப் போட்டுப் பேசிடுங்களேன்" என்றாள் மனைவி.

"அங்க இப்ப நடு ராத்திரி" என்றேன்.

"விடிஞ்ச பெறகு?"

"பாப்போம்."

"இந்தப் பாப்போம்ங்கிறத நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்குறேன்" என்று மருமகளிடம் சொன்னாள்.

மருமகள் சிரித்தாள். "அத்தை, நாம போற மலைகூட உள்ள இருக்கறத அப்பப்ப வெளிய விட்டுடுதாம்."

"மலைக்கு வாய் இருக்கு" என்றாள் என் மனைவி.

நான் வெளியே பார்த்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. இருட்டு.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் கீழ்வேளூருக்குக் கிழக்கே. கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். பல வருஷம் மிச்சம் இருப்பதில்லை. அதனால் ஆடியில் காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது, அதிலேயே நெல்லை விதைத்துவிடுவோம். மழை பெய்தால் முளைக்கும். அதுவரை விதை மண்ணுக்குள் சும்மா கிடக்கும்.

இந்த வருஷமும் அப்படித்தான் விதைத்தேன். மேட்டூரில் தண்ணீர் இல்லை என்றார்கள். மழைக்கும் நாள் இருந்தது. வயலில் வேலை இல்லை. மகன் டிக்கெட் போட்டு அனுப்பினான். புறப்பட்டு வந்துவிட்டோம்.

நாங்கள் வந்த பிறகு கர்நாடகாவில் மழை கொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேட்டூர் நிரம்பிவிட்டது. வழிகிற தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். மலைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் லஸ்கர் போன் பண்ணினார். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க ஆள் அவர்.

"அண்ணே, தண்ணி முழு வாய்க்காலா வருது. நாளைக்கு மதியம் உங்க மடைக்கு வந்துரும். பலகை போட்டுட்டுத்தானே போனீங்க?"

போடவில்லை.

எங்கள் வாய்க்காலில் இப்போது சிமெண்டு மடை. இரண்டு பக்கமும் காடி இருக்கும். அதில் பலகையைச் சொருகினால் தண்ணீர் வயலுக்குள் வராது. எடுத்தால் வரும். மேல்மடைக்காரன் ஊருக்குப் போனால் பலகை போட்டு அடைத்துவிட்டுப் போவான். தண்ணீர் வரும் என்று அவனுக்குத் தெரியும். கடைமடைக்காரன் அடைக்கமாட்டான். நாம் இல்லாத நேரத்தில் வந்தாலும் வரட்டும் என்று திறந்தே போட்டிருப்பான். அடைப்பதற்குக் கை வராது. நானும் பலகைகளை மோட்டார் கொட்டகையில் அடுக்கிவைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புழுதியில் கிடக்கிற விதை நனையலாம். முழுகக் கூடாது. முளை வராத விதைமேல் தண்ணீர் நின்றால் அழுகிப் போகும். மறுபடி விதைக்க வீட்டில் விதைநெல் இல்லை. வெளியில் வாங்கினாலும் அந்த நெல் எங்கள் மண்ணுக்குத் தாங்காது. வருஷம் அதோடு போயிற்று.

பலகை போட ஆள் வேண்டும். எனக்கு வயல்வேலை பார்க்கிறவர் தேங்காய் உரிக்கப் பேராவூரணிப் பக்கம் போயிருந்தார். மற்றவர்களுக்கு அவரவர் மடை இருக்கிறது. மிச்சம் இருப்பது தம்பி. அவன் வயல் என் வயலுக்கு அடுத்தது. வாய்க்கால் என்னைத் தாண்டி அவனிடம் போய் முடிகிறது.

அவனும் நானும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

அவன் மகளுக்கு நிச்சயம் பண்ணினான். பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அவன் வீடு எதிர்சாரியில் இருக்கிறது. இங்கே இருமினால் அங்கே கேட்கும். புருஷனும் பெண்டாட்டியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, வாயால் கூப்பிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வாயால் கூப்பிடாத வீட்டுக்குப் போகமாட்டோம். நான் போகவில்லை. என் மனைவி போனாள். "அண்ணன் வந்தா வராரு, வராட்டி போறாரு" என்று அவன் பந்தலில் சொன்னானாம். அதோடு சரி.

லஸ்கர் பேசி வைத்ததும் என் மனைவி தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்தவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அவரு போறேன்னுதான் சொல்றாரு" என்றது அந்தப் பெண். "ஆனா பெரியவரு அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லணுமாம். இல்லாம அடுத்தவங்க மடையில கைவைக்க மாட்டாராம்."

என் மகன், "நான் பேசுறேம்ப்பா சித்தப்பாகிட்ட" என்றான்.

"நீ பேசுனா எப்படி?" என்றாள் அவன் அம்மா. "உன்னையா கேட்டாரு?"

அதுதான் நிலைமை. அந்த நிலைமையில்தான் ஜீப்பில் ஏறினேன்.

ஜீப் மேலே போயிற்று. எங்கள் ஊரில் உயரம் என்றால் ஆற்றுக்கரை. அதற்கு மேல் கோயில் கோபுரம். அவ்வளவுதான். மேடு என்று நாங்கள் சொல்வதை இந்த ஊர்க்காரர்கள் பார்த்தால் எங்கே என்று கேட்பார்கள். இங்கே வண்டியே வானத்தைப் பார்த்து நின்றது. ஒரு வளைவில் நான் மனைவிமேல் சாய்ந்தேன். அடுத்த வளைவில் அவர்கள் இரண்டு பேரும் என்மேல் சாய்ந்தார்கள். கம்பியைப் பிடித்தேன். கம்பி பனிக்கட்டி போலச் சில்லிட்டது. கையை எடுக்கவும் பயம்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரமாம்?" என்று கேட்டாள்.

மகன் அந்த ஆளைக் கேட்டான். அவர் ஏதோ சொன்னார்.

"கிட்டத்தான்மா."

"கிட்டத்தான்னு சொல்றதுக்கு இவ்வளவு நேரமா பேசுறாரு?"

அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். பாஷை தெரியாது. ஆனால் ஆள் நல்ல ஆள்.

திரும்பிப் பார்த்தால் கீழே வரிசையாக விளக்கு. எல்லாம் ஜீப். எங்களுக்குப் பின்னால் அத்தனை பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். சூரியன் உதிப்பதைப் பார்க்க. என் வயலில் நான் தினமும் பார்க்கிற சூரியன்தான். சொல்லவில்லை. மகன் ஆசையாகக் கூட்டி வந்திருக்கிறான்.

ஒரு இடத்தில் ஜீப்பை நிறுத்தினார்கள். அங்கிருந்து கொஞ்சம் நடை. மகன் எங்கள் இருவருக்கும் ஷூ வாங்கிக் கொடுத்திருந்தான். நான் வாழ்க்கையில் போட்டதில்லை. கால் இரண்டையும் பெட்டியில் போட்டுப் பூட்டியது போல இருந்தது. மனைவி என்னைவிட மோசம். மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி நடந்தாள்.

அங்கே டீக்கடைகள் இருந்தன. வாழைப்பழத்தை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பஜ்ஜிதான்" என்றாள் மனைவி. "இதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?"

இரண்டு சாப்பிட்டாள்.

கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கூட்டம். எல்லா நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். எல்லோரும் நடுங்கிக்கொண்டு ஒரே பக்கம் பார்த்தார்கள். கிழக்கே ஒரு கோடு சிவந்தது. அப்புறம் மெல்ல மெல்ல மலைகள் தெரிந்தன. ஒன்று கூம்பாக, பச்சையாக இருந்தது. தூரத்தில் ஒன்று எல்லாவற்றையும்விட உயரம். நடுவில் ஒன்று தலை வெட்டின மாதிரி, வாயைத் திறந்து புகை விட்டுக்கொண்டிருந்தது.

"அதுதாம்ப்பா நாம ஏறப்போறது" என்றான் மகன். "புரோமோ. நம்ம பிரம்மா பேருதான்னு சொல்றாங்க."

மலைகளைச் சுற்றிக் கீழே பெரிய பள்ளம். பள்ளம் பூராவும் வெள்ளையாகப் பனி தேங்கி நின்றது. அசையவில்லை. கரைக்குக் கரை சமமாக நின்றது. எல்லோரும் அதைப் படம் எடுத்தார்கள். எனக்கு முழுகின வயல் மாதிரி இருந்தது. வரப்புகூடத் தெரியாமல் முழுகினால் அப்படித்தான் இருக்கும்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "அழகா இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கு" என்றேன்.

அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

வெளிச்சம் வந்த பிறகு அங்கேயே ஒரு திட்டில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். ஜீப்காரரையும் கூப்பிட்டோம். மனைவி, "காரம்னு சொல்லுடா" என்றாள். மகன் சொன்னான். அவர் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு வலது கையால் எங்களைப் போலவே பிசைந்து சாப்பிட்டார். தீர்ந்ததும் டப்பாவைப் பார்த்தார். மனைவிக்கு அதில் ரொம்பத் திருப்தி. எனக்கு வைத்திருந்ததையும் எடுத்து அவருக்கு வைத்தாள்.

எதிரே மலைச் சரிவில் கட்டம் கட்டமாகப் பயிர். கூரை மாதிரி சாய்ந்திருக்கிற நிலம். அதில் எப்படி ஆள் நிற்பான் என்று தெரியவில்லை. அவர் அதைக் காட்டி, தன் நெஞ்சில் கைவைத்தார்.

"அவரு வெங்காயம் போட்டிருக்காராம்ப்பா. காலையில ஜீப், அப்புறம் வயலாம்."

"தண்ணிக்கு?" என்று கேட்டேன்.

"மழைதானாம். வாய்க்கால் எல்லாம் கிடையாதாம்."

"அப்ப மடைச் சண்டை இல்ல."

மகன் அதையும் சொன்னான். அவர் சிரித்து, கையை ஆட்டி நிறையப் பேசினார்.

"தண்ணிக்கு இல்லியாம். விளைஞ்சதைத் தூக்கிட்டு வர்ற பாதைக்கு உண்டாம். போன வருஷம் போலீஸ் வந்துச்சாம்."

"அடக் கடவுளே" என்றாள் மருமகள். "இவ்வளவு உயரத்துக்குப் போலீஸ் வந்துச்சா?"

"அதுக்கும் ஜீப்தான்" என்றான் மகன்.

மறுபடி ஜீப்பில் ஏறி அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினோம். அதற்குள் பனி கலைந்திருந்தது. கீழே ஒரே மணல். கறுப்பு மணல். எரிமலை துப்பின சாம்பல்தான் அது என்றான் மகன். கண்ணுக்கு எட்டின வரை சமமாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு நிதானமாக வந்தது. சமமான தரை. ஆனால் ஒரு வரப்பு இல்லை. ஒரு புல் இல்லை. கையில் அள்ளிப் பார்த்தேன். விரலில் ஒட்டாமல் கொட்டியது. இந்த மண்ணில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நிற்காது. குடித்துவிடும். எங்கள் மண் களிமண். வந்த தண்ணீரை விடாது.

ஜீப்புக்கு அங்கே எல்லை. ஓட்டுபவர் இருந்துவிட்டார். நாங்கள் நால்வரும் மணலில் நடந்தோம். குதிரைக்காரர்கள் கூடவே வந்தார்கள். என் மனைவி ஷூவோடு போராடுவதைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தர் விடவே இல்லை.

"அத்தை, ஏறுங்க" என்றாள் மருமகள்.

"போடி. புடவையோட குதிரையிலயா?"

"இங்க உங்களை யாருக்குத் தெரியும்?"

அது சரியாகப் பட்டது அவளுக்கு. மகன் ஒரு பக்கம், குதிரைக்காரர் ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்ததும் முகமே மாறிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருமகள் என் மகன் போனை வாங்கிப் படம் எடுத்தாள்.

"அதை அவளுக்கு அனுப்பு" என்றாள் மேலே இருந்து. அவள் என்றால் தம்பி பெண்டாட்டி. "இப்ப சிக்னல் இல்லாட்டியும் போட்டு வை. கெடைக்கும்போது போவட்டும்."

குதிரை முன்னால் போயிற்று. நான் மெதுவாக நடந்தேன். தனியாக நடப்பது நல்லதாக இருந்தது. யோசிக்க வேண்டியிருந்தது.

நான் பேசாமல் இருப்பது வீம்பு என்று என் மனைவி நினைத்தாள். வீம்பும் உண்டு. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. இன்னொன்று இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

தம்பியும் புழுதியில்தான் விதைத்திருக்கிறான். எனக்கு இரண்டு நாள் முந்தி விதைத்தான். அவன் மடையில் பலகை கிடையாது, காடியும் உடைந்து கிடக்கிறது. வாய்க்கால் அவன் வயலில்தான் முடிகிறது. என் மடைக்கு ஐந்து பலகை. ஐந்தையும் போட்டு மண் அணைத்தால் என் வயல் தப்பும். வருகிற தண்ணீர் முழுவதும் நேராக அவன் வயலில் போய் விழும். முழுகிவிடும். ஒன்றுமே போடாவிட்டால் முக்கால் தண்ணீர் என் வயலுக்குள் வந்துவிடும். என் வயல் முழுகும், அவன் தப்பிப்பான். மூன்று போட்டால் தண்ணீர் ஏறக்குறைய பாதியாகப் பிரியும். இரண்டு வயலும் நனைந்து, வடிகாலில் வடிந்தால் இரண்டு விதையும் பிழைக்கும். மேலே இன்னும் தண்ணீர் விட்டால் இரண்டும் போகும். அதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

இது எனக்குத் தெரிந்த மாதிரி அவனுக்கும் தெரியும். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தால் அவன் வயலுக்கு நல்லது. அப்படி இருந்தும், அண்ணன் கூப்பிட்டால் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

உன் கையாலேயே உன் வயலை முழுக அடி என்று நான் எந்த வாயால் சொல்வது? மூன்று போடு என்று சொல்லிவிட்டு என் விதை அழுகினால் மகனுக்கும் மனைவிக்கும் என்ன பதில்? இதைத்தான் அந்த மணலில் நடக்கும்போது முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்த்தேன். ஷூவுக்குள் மணல் புகுந்து கனத்தது. ஒரு இடத்தில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றிக் கொட்டினேன். மறுபடி மாட்டிக்கொள்ளப் பிடிக்கவில்லை. கயிற்றை முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். மணல் சில்லென்று இருந்தது. நடை என் நடையாக வந்தது.

படிக்கட்டு அடியில் மற்ற மூன்று பேரும் நின்றிருந்தார்கள். மனைவி குதிரையிலிருந்து இறங்கிவிட்டிருந்தாள்.

"என்னங்க இது? ஷூவக் கையில எடுத்துட்டு வரீங்க?"

"தோள்ல."

"மாமா, மேல கல்லு குத்தும்" என்றாள் மருமகள்.

"குத்தட்டும்."

படி நேராக மேலே போயிற்று. சிமெண்டுப் படிதான். பாதிப் படியைச் சாம்பல் மூடியிருந்தது. நாலு ஏறுவது, நிற்பது. மூச்சு வாங்கியது. எங்களைத் தாண்டி ஒரு வெள்ளைக்காரக் கிழவி கோலை ஊன்றிக்கொண்டு போனாள். அதைப் பார்த்ததும் என் மனைவி புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு வேகமாக ஏறினாள். கொஞ்சம் மேலே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கு என்ன, கோல் இருக்கு" என்றாள்.

வாடை வந்தது. தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த வாடை. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டோம்.

உச்சியில் இடம் அதிகம் இல்லை. வரப்பைவிடக் கொஞ்சம் அகலம். இந்தப் பக்கம் ஏறி வந்த சரிவு. அந்தப் பக்கம் எரிமலையின் வாய். ஓரத்தில் ஒரு தடுப்பு வைத்திருந்தார்கள், அதுவும் கொஞ்ச தூரம்தான். அந்த விளிம்பிலே ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பூ. மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

என் மனைவி கை கூப்பிவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"ஆத்தங்கரை இல்ல, அரசமரம் இல்ல. இங்க வந்து புகையில உக்காந்திருக்காரே."

"அவருக்கும் புள்ள டிக்கெட் போட்டுருப்பான்" என்றாள் மருமகள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். நெருப்பு இல்லை. அடியிலிருந்து வெள்ளைப் புகை சுருண்டு சுருண்டு வந்தது. ஆனால் சத்தம் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. நிற்காத இரைச்சல். ஆற்றில் ஷட்டர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டால் ரெகுலேட்டருக்குக் கீழே நின்று கேட்கிற அதே சத்தம். காலடியில் லேசாக அதிர்ந்தது. வெறுங்காலில் நன்றாகத் தெரிந்தது.

மகன் போனில் டிங் டிங் என்று சத்தம் வந்தது. மேலே சிக்னல் கிடைத்துவிட்டது. குதிரைப் படம் போய், அதற்குப் பதிலும் வந்துவிட்டது. மருமகள் வாங்கிப் படித்தாள்.

"சின்னத்தை போட்டிருக்காங்க. 'அக்கா, விழுந்துடாதீங்க. குதிரை பாவம்.'"

"அவளுக்குக் கொழுப்பு" என்றாள் என் மனைவி, சந்தோஷமாக.

"இன்னொண்ணும் போட்டிருக்காங்க." மருமகள் என்னைப் பார்த்தாள். "'இன்னும் கூப்பிடலையா?'"

எங்கள் ஊரில் அப்போது மணி ஆறு இருக்கும். டீக்கடை திறந்திருக்கும். தம்பி எழுந்திருப்பான்.

"குடு" என்றேன்.

மகன் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தான். மூவரும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். இடம் இருந்த வரை தள்ளினார்கள். மணி அடித்தது. எடுத்தான்.

"அலோ."

"நாந்தான்."

"ம்."

புகை எங்கள் பக்கம் திரும்பியது. இருமினேன்.

"என்னண்ணே அது சத்தம்?" என்றான். "ஆத்துகிட்ட நிக்கிறீங்களா?"

"எரிமலை."

"என்னது?"

"எரிமலைப்பா. மேல நிக்கிறேன்."

"அங்க எதுக்கு ஏறுனீங்க?"

"புள்ள கூட்டியாந்தான்."

"ஓரத்துல நிக்காதீங்க."

"இங்க எல்லாமே ஓரந்தான்."

அவன் சிரித்தானா என்று தெரியவில்லை. மூச்சு விட்டது கேட்டது.

"தம்பி, மடை தொறந்து கெடக்கு."

"தெரியும்."

"பலகை மோட்டார் கொட்டாயில இருக்கு. சாவி..."

"கொட்டாய்க்குச் சாவி எதுக்கு? தாழ்ப்பாள்தானே. எடுத்தாச்சு. அஞ்சும் இங்கதான் இருக்கு. மடையிலதான் நிக்கிறேன்."

"எப்ப வந்த?"

"விடியறதுக்கு முந்தி."

"தண்ணி?"

"வந்துட்டு. வாய்க்கால்ல முழங்காலுக்கு ஏறிட்டு."

"லஸ்கர் மதியம்னாரே."

"அவரு சொல்லி என்னைக்கு வந்திருக்கு? இப்ப உங்க மடை வாய்க்கு இன்னும் நாலு விரக்கடைதான் பாக்கி."

"பின்ன போட வேண்டியதுதானே?"

"உங்க மடை" என்றான். "நீங்க சொல்லாம எப்படிக் கைவைக்கிறது?"

அவன் பக்கம் தண்ணீர் சத்தம் கேட்டது. என் பக்கமும் அதே சத்தம். எது எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மகன் கீழே பார்த்தான்.

"ஒன் வெதை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"புழுதியிலதான் கெடக்கு."

உங்கள் மடையை அடைத்தால் என் வயல் முழுகும் என்று அவன் சொல்லவில்லை. பாதியாவது விடுங்கள் என்று கேட்கவில்லை. தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது. பலகை ஒன்றோடொன்று இடித்தது.

"ஏறுதுண்ணே. சீக்கிரம் சொல்லுங்க. எத்தனை பலகை?"

"மூணு."